குதிரை இறங்கியதும் நான் குடியேறுவேன்

உலகத்திலேயே அருமையான படுக்கையறை எது என்று யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டேன். அகலம் ஆறடி, உயரம் ஏழரை அடி, கீழே இரண்டு அச்சு, நான்கு டயர், பின்பக்கம் ஏற்றி இறக்கும் சரிவுப் பலகை. அன்று மத்தியானம்வரை அதில் நின்றிருந்தது இரண்டு குதிரை. ராத்திரி அதில் படுத்திருப்பது நான். குதிரை ட்ரெய்லரைத்தான் சொல்கிறேன். பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஆடிக்கொண்டே போகுமே, ஜன்னல் கம்பிக்கு நடுவில் ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்குமே, அதேதான். அதற்குள் தூங்கி எழுந்து ருசி கண்ட பிறகு, நட்சத்திர ஹோட்டல் அறைக்குள் நுழைந்தால்கூட எனக்கு ஏதோ குறைகிற மாதிரிதான் இருக்கிறது. வைக்கோல் வாசனை இல்லை, கூரையில் திறந்து மூடும் மூடி இல்லை, பக்கத்தில் யாரும் கொறித்துக்கொண்டிருக்கவில்லை. அதெல்லாம் ஒரு அறையா?

நாங்கள் டெக்சாஸில், சான் அன்டோனியோ பக்கம் இருக்கிறோம். பிழைப்பு கணினியில், மனசு டஸ்டி, ரோஜா என்ற இரண்டு குவார்ட்டர் ஹார்ஸ் குதிரைகள் மேல். இந்தப் பக்கம் குதிரை வளர்ப்பவர்களுக்கு வாரக்கடைசி வந்தால் வேறு யோசனையே கிடையாது. ட்ரெய்லரைக் கொக்கியில் மாட்டி, குதிரையை ஏற்றி, சவாரிப் பாதை இருக்கும் ஏதாவது ஒரு காட்டுக்குப் போய்விடுவார்கள். சாயங்காலமே திரும்பிவிடலாம்தான். ஆனால் வெயில் தாழ்ந்து, குன்றுகள் நிறம் மாறி, குதிரையும் நாமும் ஒரு நிதானத்துக்கு வந்திருக்கும் அந்த ஐந்து மணிக்கு, 'இருட்டறதுக்குள்ள கெளம்பலாம்' என்று ஒருவர் சொல்வதைக் கேட்க எனக்குச் சகிக்காது. தங்கித்தான் ஆக வேண்டும்.

தங்குவதற்குக் கூடாரம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் தரையில் முளை அடித்துப் பார்த்தவர்கள் அதைச் சிபாரிசு செய்ய மாட்டார்கள். பணம் இருப்பவர்கள் 'லிவிங் குவார்ட்டர்ஸ்' ட்ரெய்லர் வாங்குகிறார்கள். முன்பாதியில் கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஷவர், ஏசி எல்லாம் இருக்கும். பின்பாதி குதிரைக்கு. புதியது 50,000 டாலரைச் சர்வசாதாரணமாகத் தாண்டும், லட்சத்தைத் தொடுவதும் உண்டு. அந்தக் கனத்தை இழுக்கப் பெரிய பிக்கப் வேண்டும், அதற்கு டீசல் வேண்டும், இரண்டுக்கும் கடன் வேண்டும். எங்களிடம் இருந்ததோ சாதாரண அரை டன் பிக்கப், அதற்குப் பின்னால் பழைய இரும்பு ட்ரெய்லர் ஒன்று. இரண்டு குதிரை பக்கத்தில் பக்கத்தில் முன்னே பார்த்து நிற்கும் 'ஸ்ட்ரெய்ட் லோட்' வகை. முன்னால் சேணம், கடிவாளம் வைக்க ஒரு சின்ன 'டேக் ரூம்'. அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குள் எவ்வளவு இருந்தது என்பதைத்தான் எல்லோரையும் பிடித்து நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ட்ரெய்லரை வீடாக்குகிறேன் என்று கிளம்புகிறவர்களில் பலர் முதலில் கையில் எடுப்பது அறுக்கும் மெஷினை. நடுத்தடுப்பை வெட்டி எறிந்து, சுவர் முழுக்கப் பைன் பலகை அடித்து, சமையல் மேடை கட்டி, தொங்குவிளக்கு மாட்டிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் பழைய குதிரைப் பெட்டிகளைக் காப்பிக் கடையாகவும் கல்யாண வீட்டு மதுக்கூடமாகவும்கூட மாற்றி வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் அதில் குதிரை ஏற முடியாது. குதிரை ஏற முடியாத குதிரை ட்ரெய்லர் எனக்கு எதற்கு?

எங்கள் ட்ரெய்லர் பகலில் குதிரைக்கு, இரவில் எங்களுக்கு. போகும்போது அவர்கள் பயணம் செய்த அதே இடத்தில், போய்ச் சேர்ந்த பிறகு நாங்கள் படுக்கை போடுகிறோம். மறுநாள் எல்லாவற்றையும் சுருட்டிப் பிக்கப்பில் ஏற்றிவிட்டால் குதிரைகள் மறுபடி ஏறிக்கொள்ளும். ஒரே அறை, இரண்டு ஷிஃப்ட். இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு இருக்கும் காதலைச் சொல்லி முடியாது.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: குதிரை ட்ரெய்லர் ஏற்கெனவே முக்கால்வாசி வீடு. ஆயிரம் பவுண்டு எடையுள்ள ஒரு மிருகம் பயந்து உதைத்தாலும் தாங்க வேண்டும் என்று கட்டிய சுவர். நனையும், நாறும், கழுவ வேண்டிவரும் என்று தெரிந்தே போட்ட தரை. மூச்சு முட்டக் கூடாது என்று கூரையில் வைத்த காற்றுத் திறப்பு. தொட்ட இடமெல்லாம் கட்டுவதற்கு வளையம். டேக் ரூமில் வரிசையாகக் கொக்கிகள், பூட்டும் கதவு, மேலே விளக்கு. ஒரு கேம்பர் வண்டியில் மெல்லிய பலகை ஆடும், கைப்பிடி கழன்று வரும். இங்கே எதைப் பிடித்துத் தொங்கினாலும் அசையாது. கட்டியவர்கள் என்னை நினைத்துக் கட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாற்றும் வேலை தரையிலிருந்து தொடங்குகிறது. பாதி வேலை அங்கேயே முடிந்தும் விடுகிறது. குதிரை நிற்கும் இடத்தில் முக்கால் அங்குல கனத்தில் ரப்பர் மேட் விரித்திருக்கும். நாலடிக்கு ஆறடி மேட் ஒன்று சுமார் நூறு பவுண்டு. அதை வெளியே இழுப்பது மல்யுத்தம், சந்தேகமில்லை. ஆனால் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் யாரும் அதன் மேல் படுக்கக் கூடாது, குதிரையை ஏற்றவும் கூடாது. மரத்தரை என்றால் மூத்திரம் இறங்கி இறங்கி உளுத்துப்போயிருக்கலாம். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒவ்வொரு பலகையிலும், குறிப்பாக ஓரங்களில், குத்திப் பார்க்க வேண்டும். முனை உள்ளே இறங்கினால் பலகையை மாற்ற வேண்டியதுதான். அலுமினியத் தரை உளுக்காது, ஆனால் மூத்திரம் அதையும் அரித்துக் குழி போட்டுவிடும். எங்கள் பலகைகள் திடமாக இருந்தன. மேட்டுகளை வேலியில் சாய்த்து, தரையை சோப்புப் போட்டுத் தேய்த்து, டெக்சாஸ் வெயிலில் கதவுகளையெல்லாம் திறந்து காயவிட்டோம். அந்த வெயிலைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் இந்த ஒரு வேலைக்கு அதை அடித்துக்கொள்ள வேறு எதுவும் கிடையாது.

கேம்ப்பில் இவ்வளவு அமர்க்களம் வேண்டாம். கிளம்பும்போதே மேட் மேல் பைன் மரச்சீவலைத் தாராளமாகக் கொட்டிவிடுகிறோம். வழியில் டஸ்டியும் ரோஜாவும் செய்வதைச் செய்வார்கள், சீவல் அதை உறிஞ்சிக்கொள்ளும். போய்ச் சேர்ந்ததும் மொத்தத்தையும் முட்கரண்டி மண்வெட்டியால் வழித்து எடுத்து அதற்குரிய இடத்தில் கொட்டிவிடுவோம். ஈரம் பட்ட இடத்தில் சியோலைட் தூள் தூவுகிறோம். அது ஒரு வகைக் கனிமம். மூத்திரத்தில் எழும் அம்மோனியாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், லாயங்களில் எல்லோரும் பயன்படுத்துவதுதான். பிறகு ஒரு பெருக்கு, மேலே ஒரு தார்ப்பாய், அதன் மேல் குழந்தைகள் விளையாடும் ஃபோம் பாய்த் துண்டுகள், அதற்கும் மேல் எங்கள் ஊர் பவானி ஜமக்காளம். அந்தச் சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக விரிந்த நிமிஷத்தில் லாயம் காணாமல் போய்விடும். சத்தியமாக, அறையே வேறாகிவிடும். மிச்சமிருப்பது தோல், வைக்கோல், பைன் மூன்றும் கலந்த ஒரு வாசனை. அதை பாட்டிலில் அடைத்து விற்றால் முதல் ஆளாக நான் வாங்குவேன்.

அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். "ஏங் கண்ணு, குதிரை நின்ன எடத்துலயா படுத்திருக்கே?" என்றார். கழுவியாச்சும்மா என்றேன். கேமராவைத் திருப்பச் சொல்லி ஒவ்வொரு மூலையாகப் பார்த்துவிட்டு, "நம்மூட்டு ஜமக்காளத்தப் போயி அதுல விரிச்சிருக்கறயே சாமி" என்று அதற்குத்தான் அதிகம் வருத்தப்பட்டார். இத்தனைக்கும் நாங்கள் அந்தியூர்க்காரர்கள். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவோடு அங்கே கூடும் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் ஈரோடு ஜில்லாவைத் தாண்டியும் பேர்போனவை. கட்டுத்தறிக்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டி, வண்டிக்கு அடியிலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொள்ளும் வியாபாரிகளைப் பார்த்து வளர்ந்தவர்தான் என் அம்மா. வண்டிக்கு அடியில் படுத்தால் சரி, உள்ளே படுத்தால் தப்பா? கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

படுக்கைக்கு வருவோம். ஸ்ட்ரெய்ட் லோட் ட்ரெய்லரில் நடுவே டிவைடர் இருக்கும், நெஞ்சுக்கு முன்னால் ப்ரெஸ்ட் பார், பின்னங்காலுக்குப் பின்னால் பட் பார் இருக்கும். எல்லாம் பின் போட்டு மாட்டியவை. பின்னை உருவினால் கழன்று வரும். டிவைடரை மட்டும் இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டும். அது வெளியே போனதும் உள்ளே விரியும் இடத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும், இவ்வளவு பெரிய ஹாலா என்று. சுவரில் கட்டை அடித்து அதன் மேல் கட்டில் போடலாம் என்று பலர் சொல்வார்கள். நான் சம்மதிக்கவே மாட்டேன். குதிரை நிற்கும் சுவரில் துருத்திக்கொண்டு எதுவும் இருக்கக் கூடாது. கட்டை முனை, ஆணித் தலை, போல்ட், எதுவானாலும் ஒரு திடீர் பிரேக்கில் அதன் விலாவில் ஏறிவிடும். அதனால் எங்கள் கட்டிலுக்குச் சுவரோடு சம்பந்தமே இல்லை. மூடி வைத்த கனமான பிளாஸ்டிக் பெட்டிகள் கீழே, அதில் சமையல் சாமான், குதிரைச் சாமான். அதன் மேல் முக்கால் அங்குல ப்ளைவுட் பலகை இரண்டு, மேலே நாலு அங்குல ஃபோம் மெத்தை. முடிந்தது. பெட்டிகள்தான் கட்டில் கால், அதுவே அலமாரி. ஊர் போகும்போது பெட்டியும் பலகையும் பிக்கப்பின் பின்பக்கம் ஏறிவிடும்.

குறுக்கே படுத்தால் சுவருக்குச் சுவர் ஆறடி. நான் ஐந்தடி இரண்டங்குலம், மகாராணி மாதிரி நீட்டிப் படுப்பேன். எங்கள் வீட்டுக்காரர் என்னைவிட ரொம்ப உயரம். பாவம், அவர் மடக்குக் கட்டிலை நீளவாக்கில் போட்டுக்கொள்கிறார், காலை டேக் ரூம் பக்கம் நீட்டி.

சுவரில் நிரந்தரமாகச் செய்தது ஒன்றே ஒன்று. விமானத்தில் இருக்கைகளைத் தரையோடு பிடித்துவைக்கும் அந்தத் தட்டையான அலுமினியத் தண்டவாளம், எல்-ட்ராக் என்பார்கள், அதை இரண்டு பக்கமும் உயரத்தில் ஓடவிட்டு, இரும்புத் தூண்களோடு போல்ட் போட்டோம். வெளித்தகட்டில் ஓட்டை போட்டால் மழை உள்ளே வரும், பிடிப்பும் இருக்காது. தூணில் போட்டால் ஆயுசுக்கும் நிற்கும். சுவரோடு படிந்திருப்பதால் குதிரைக்கும் உறுத்தாது. தேவைப்படும் இடத்தில் வளையத்தைச் சொருகினால் திரைச்சீலை, விளக்கு, வலைப்பை, ஈரத்துண்டு எதை வேண்டுமானாலும் தொங்கவிடலாம். இந்தத் தண்டவாளத்தைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம்.

கதவு விஷயத்தை மட்டும் கொஞ்சம் குரலை உயர்த்திச் சொல்கிறேன். குதிரை ட்ரெய்லரின் பின்கதவுத் தாழ்ப்பாள் வெளியில்தான் இருக்கும். குதிரை உள்ளிருந்து தாழ்ப்பாளைத் திறக்கத் தேவையில்லையே! உள்ளே ஆள் படுத்திருக்கும்போது வெளியே யாராவது நல்லெண்ணத்தில் தாழ் போட்டுவிட்டால் நீங்கள் சிறைக்குள். அதனால் உள்ளிருந்து திறக்கும் ஒரு வழி இல்லாமல் படுக்கவே கூடாது. எங்கள் ட்ரெய்லரில் முன்பக்கம் ஆள் நுழையும் சின்னப் பக்கக் கதவு உண்டு, அதற்கு உள்ளேயும் கைப்பிடி வைத்துக்கொண்டோம். பின்னால் சரிவுப் பலகையை இறக்கியே விட்டுவிட்டு, வாசலை அடைத்துக் கொசுவலைத் திரை. கதவு மூட மனசே வருவதில்லை என்பது வேறு.

ஜன்னல்களுக்கும் வலைதான். ஓரம் முழுக்கக் காந்தம் தைத்த வலைத்துணி, இரும்புச் சுவரில் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். அலுமினிய ட்ரெய்லர்காரர்களுக்கு இந்தச் சுகம் இல்லை, காந்தம் ஒட்டாது, அவர்கள் வெல்க்ரோவோடு மல்லுக்கட்ட வேண்டும். பழைய இரும்பு வண்டி என்று என்னை இளக்காரமாகப் பார்த்தவர்களிடம் இதை நான் விடாமல் சொல்லிக்காட்டுவது உண்டு. குளிர்நாளில் எல்லாவற்றையும் இறுக்கி மூடினால் இரண்டு பேர் மூச்சே கூரையில் ஈரமாகப் படிந்து விடியலில் நெற்றியில் சொட்டும். கூரைத் திறப்பைக் காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் தூக்கி வைத்துவிட்டால் சரியாகிவிடும். சிவப்புக் குளவிகளுக்கு இந்த ஊரில் ட்ரெய்லர் என்றால் உயிர், ஏறுவதற்கு முன் மூலைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்குக்குச் சார்ஜ் செய்யும் எல்இடி போதும்.

பின்னால் இறங்கிக் கிடக்கும் அந்தச் சரிவுப் பலகை இருக்கிறதே, அதுதான் எங்கள் திண்ணை. கீழே இரண்டு கட்டையைக் கொடுத்துச் சமமாக்கினால் மூன்று பேர் காலை நீட்டி உட்காரலாம். ஒரு பக்கம் இரண்டு பர்னர் கேம்ப் அடுப்பு. சமையல் எப்போதும் வெளியேதான். மூடிய ட்ரெய்லருக்குள் கேஸ் அடுப்பையோ ஹீட்டரையோ எரியவிட்டுத் தூங்குவது உயிரோடு விளையாடுவது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. மணியடிக்கும் கருவி ஒன்றை உள்ளே மாட்டியே வைத்திருக்கிறோம். சாப்பாடு பெரும்பாலும் வீட்டில் கிளறி எடுத்துவந்த புளிச்சோறு, அங்கேயே வைத்த சுடுரசம், பொரித்த அப்பளம். அந்தத் திண்ணையில் அமர்ந்து குன்றுகளைப் பார்த்துக்கொண்டே ரசம் குடித்திருக்கிறீர்களா? வாழ்க்கையில் ஒரு தரமாவது குடித்துவிடுங்கள்.

குளியலுக்கு வெயிலில் சூடேறும் கறுப்புத் தண்ணீர்ப் பை. பின்வாசல் வளையத்தில் தொங்கவிட்டு, திரையை இழுத்துவிட்டு, விரிப்புகளையெல்லாம் உள்ளே சுருட்டித் தள்ளிவிட்டால் ரப்பர் மேட்டின் மேல் நின்று ஆனந்தமாகக் குளிக்கலாம். தண்ணீர் தானாகச் சரிவில் இறங்கி ஓடிவிடும். கழிப்பறை? மூடி போட்ட வாளி. அடுத்த பேச்சுக்குப் போகலாம்.

நாங்கள் அதிகம் போவது பண்டேராவுக்குத் தென்மேற்கே இருக்கும் ஹில் கன்ட்ரி ஸ்டேட் நேச்சுரல் ஏரியாவுக்கு. பண்டேரா தன்னை உலகத்தின் கவ்பாய் தலைநகரம் என்று அழைத்துக்கொள்ளும் ஊர். அந்தப் பட்டத்தை நிஜமாகவே நம்பவும் செய்கிறது. காட்டின் பரப்பு 5,300 ஏக்கருக்கு மேல், சவாரிப் பாதை மட்டும் சுமார் 40 மைல். நிலத்தின் பெரும்பகுதி ஒரு பண்ணைக் குடும்பம் கொடுத்தது, நவீன வசதிகளின் கை அதிகம் படாமல் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்தக் குடும்பத்துக்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன். கடை கண்ணி கிடையாது. குதிரைக்குத் தண்ணீர் உண்டு, மனிதர்களுக்குக் குடிதண்ணீர் கிடையாது, நாம்தான் கொண்டுபோக வேண்டும். எது முக்கியம் என்று தெரிந்த இடம்! பாதையெல்லாம் சுண்ணாம்புப் பாறைப் படிகள், லாடம் இல்லாத குதிரைக்குக் கால் நோகும். ஜூனிபர், லைவ் ஓக், கத்தி கத்தியாக இலை நீட்டிய சோட்டால் செடி. அங்கே ஐஸ்க்ரீம் ஹில் என்றே ஒரு குன்று இருக்கிறது. உச்சியில் ஐஸ்க்ரீம் இல்லை, ஆனால் அங்கிருந்து தெரிகிற காட்சிக்கு எதையும் விட்டுக்கொடுக்கலாம்.

நுழைவிடத்தில் குதிரைக்கு 'காகின்ஸ்' சோதனைச் சான்றிதழ் காட்ட வேண்டும். குதிரைகளைத் தாக்கும் ஒரு வகைத் தொற்று ரத்தசோகை இல்லை என்பதற்கான ரத்தப் பரிசோதனை அது, பன்னிரண்டு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். என் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. டஸ்டியின் காகின்ஸ் எந்த உறையில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இறங்கியதும் முதல் கவனிப்பு குதிரைக்குத்தான், எங்கள் ஜமக்காளம் அப்புறம். ஒரு குதிரை நாளொன்றுக்கு ஐந்து முதல் பத்து கேலன் தண்ணீர் குடிக்கும், பதினைந்து இருபது பவுண்டு காய்ந்த புல் தின்னும். தொழுவம் போட்ட கேம்ப் இடம் கிடைத்தால் வேலை சுலபம். இல்லாத இடத்தில் ஹைலைன் கட்டுகிறோம். இரண்டு மரத்துக்கு நடுவே குதிரையின் தலைக்கு மேலே உயரத்தில் இறுக்கிக் கட்டிய கயிறு அது. மரப்பட்டை அறுபடாமல் இருக்க மரத்தைச் சுற்றி அகலமான பட்டை போட்டு, அதில்தான் கயிற்றைக் கட்ட வேண்டும். குதிரையை நேரே மரத்தில் கட்டிவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக வேரடி மண்ணையெல்லாம் பறித்துப் போட்டுவிடும். ட்ரெய்லரின் பக்கவாட்டிலும் கட்டலாம், ஆனால் ட்ரெய்லர் பிக்கப்போடு மாட்டியே இருக்க வேண்டும். கழற்றி நிறுத்திய ட்ரெய்லரில் குதிரையைக் கட்டவே கூடாது, பயந்து இழுத்தால் மொத்தத்தையும் நகர்த்திவிடும். மாட்டியே வைத்திருப்பதில் நமக்கும் ஒரு லாபம்: நாம் பின்பக்கமாக நடக்கும்போது முன்பக்கம் எம்பாது.

இனிமேல்தான் சொர்க்கம். விளக்கை அணைத்துப் படுத்தால் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில், டஸ்டி புல் மெல்லும் சத்தம். சரக், சரக், ஒரு இடைவெளி, ஒரு பெருமூச்சு, மறுபடி சரக். இதைக் கேட்டுத் தூக்கம் வராதவர்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கூடாரத்தில் படுத்தால் ஒவ்வொரு சலசலப்புக்கும் குதிரை அவிழ்ந்துவிட்டதோ என்று எழுந்து உட்கார வேண்டியிருந்தது. இங்கே ஜன்னலைத் தள்ளினால் அதன் மூக்கு. குதிரை பெரும்பாலும் நின்றுகொண்டே தூங்கும். கால் மூட்டுகளைப் பூட்டிக்கொள்ளும் ஒரு அமைப்பு அதன் உடம்பிலேயே இருக்கிறது. ஆழ்ந்த தூக்கத்துக்கு மட்டும் கொஞ்ச நேரம் படுக்கும், அதுவும் அந்த இடம் பத்திரம் என்று நம்பினால்தான். தொழுவத்தில் ரோஜா படுத்துக் குறட்டை விட்டதை நான் கேட்டிருக்கிறேன். குதிரை குறட்டை விடுமா என்று கேட்காதீர்கள், ரோஜா விடுவாள்.

அதே ரோஜாவை ட்ரெய்லர் பக்கத்தில் கட்டிய இரவு மூன்று மணிக்குக் கட்டில் குலுங்கியது, தொங்கிய விளக்கு ஊசலாடியது, பாத்திரமெல்லாம் கலகலத்தது. "ஏனுங்க, எந்திரிங்க, நிலநடுக்கம்!" என்று அவரை உலுக்கினேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "அவ முதுகு சொறியறா, படு" என்றார். மகாராணி தன் பின்பக்கத்தை எங்கள் படுக்கையறைச் சுவரில் நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லா மாதமும் இது நடக்காது. மே முதல் செப்டம்பர்வரை அந்த இரும்புக் கூரை ராத்திரி பத்து மணிக்கும் கொதிக்கும், அந்தப் பக்கமே போக மாட்டோம். அக்டோபரிலிருந்து ஏப்ரல்வரைதான் எங்கள் பருவம். நடுவில் 'ப்ளூ நார்தர்' என்ற வடக்குக் குளிர்காற்று ஒன்று உண்டு. மத்தியானம் அரைக்கைச் சட்டையில் சவாரி போயிருப்போம், சாயங்காலம் வடக்கே வானம் கருநீலமாகும், அப்புறம் ஒரு மணி நேரத்துக்குள் பல்லெல்லாம் தந்தியடிக்கும். அப்படியொரு காற்றடித்த இரவில் பக்கத்துக் கூடாரம் ஒன்று பறந்தே போனது. எங்கள் இரும்புப் பெட்டி ஒரு முனகலும் இல்லாமல் நின்றது. கம்பளிக்குள் ஒரு சுடுதண்ணீர்ப் பையோடு படுத்துக்கொண்டு வெளியே காற்று ஊளையிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கூடாரம் இழந்தவர்களைக் கூப்பிட்டு டேக் ரூமில் படுக்கவைத்தோம். காலையில் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, இதெல்லாம் எவ்வளவு செலவு என்பது. ப்ளைவுட், ஃபோம், தண்டவாளம், வலை, எல்லாம் சேர்த்துச் சில நூறு டாலர் என்றேன். நம்பவில்லை. டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

குதிரைக்காரர்கள் உலகத்தில் இது புதுசும் இல்லை. எண்டூரன்ஸ் என்னும் நெடுந்தூரச் சவாரிப் போட்டிக்காரர்களைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் டேஹோ ஏரிப் பக்கமிருந்து ஆபர்ன்வரை 24 மணி நேரத்துக்குள் 100 மைல் ஓட்டும் டெவிஸ் கப் 1955லிருந்து நடக்கிறது. அந்த மாதிரிப் போட்டிகளுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு புல்வெளியில் வரிசையாக ட்ரெய்லர்கள் நிற்கும். லட்ச டாலர் வண்டியும் இருக்கும், துரு ஏறிய இரட்டைக் குதிரைப் பெட்டிக்குள் மடக்குக் கட்டில் போட்டவரும் இருப்பார். விடியலில் கால்நடை மருத்துவர் முன்னால் நிற்கும்போது எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி வைக்கோல். எனக்குப் பழக்கமானவர்களில் நன்றாகத் தூங்கியதாகச் சொல்கிறவர்கள் பெட்டிக்காரர்கள்தான். கொஞ்சம் பாரபட்சமாகச் சொல்கிறேன், இருக்கட்டும்.

உங்களுக்கு ஒரு பழைய ட்ரெய்லர் கண்ணில் பட்டால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். மேட்டைத் தூக்கித் தரையைக் குத்திப் பாருங்கள், கூரை இணைப்புகளில் தண்ணீர் விட்டு உள்ளே ஒழுகுகிறதா பாருங்கள், டயரின் வயதைப் பாருங்கள், பிரேக்கும் விளக்கும் வேலை செய்கிறதா பாருங்கள். உள்ளே போய்க் கையை விரித்துப் படுத்தும் பாருங்கள். விற்பவர் ஒரு மாதிரிப் பார்ப்பார், கண்டுகொள்ளாதீர்கள்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இப்போது புது ஆசை. கூரைத் திறப்பு இருக்கும் பதினாலு அங்குலச் சதுரத்தில் ஒரு ஏசி வைத்துவிட்டால் கோடையிலும் போகலாமே என்கிறார். ஏசி வைத்தால் ஜெனரேட்டர் வேண்டும், ஜெனரேட்டர் ஓடினால் டஸ்டி மெல்லும் சத்தம் எப்படிக் கேட்கும் என்றேன். அந்த வாதத்துக்கு அவரிடம் பதில் இல்லை. ரெண்டு நாள் பேசாமல் இருந்தார். நேற்று சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார்: "சரி, ஏசி வேண்டாம். சின்னதா ஒரு ஃப்ரிட்ஜ்?"

தயிருக்கு ஆகும். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.